வீட்டில் கட்டும் சிறு விமானத்துக்கு எஞ்சின் தேர்வும் பொருத்துதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓரிருவர் அமரும் விமானத்தைத் தாங்களே கட்டுகிறவர்கள், உடலும் இறக்கையும் முடிந்து எஞ்சின் பக்கம் வந்ததும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. எளிதானவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால். இங்கே தரும் எண்ணும் உங்கள் எஞ்சினின் கையேடும் முரண்பட்டால் கையேட்டின்படி செய்யுங்கள்.

எந்த எஞ்சின் நல்லது? சுற்றி வளைக்காமல் ஒரே பதில் சொல்லுங்கள்.

வரைபடம் போட்டவர் எந்த எஞ்சினை மனதில் வைத்துப் போட்டாரோ அது. மவுன்ட்டின் (எஞ்சினைத் தாங்கும் சட்டத்தின்) நீளம், கவுலிங்கின் (எஞ்சினை மூடும் உறையின்) வடிவம், குளிர்காற்றின் பாதை, விமானத்தின் எடைமையம் எல்லாம் அந்த ஒரு எஞ்சினைச் சுற்றித்தான் அமைந்திருக்கும். வேறொன்றைப் போடும்போது விமானத்தின் முன்பாதியை நீங்களே புதிதாக வடிவமைக்கிறீர்கள். பெரும்பாலானோர் இதை உணர்வது பாதி வேலை முடிந்த பிறகு.

பொதுவாகப் புழங்குபவை: ரோட்டாக்ஸ் 912 யுஎல் (80 குதிரைத்திறன்), 912 யுஎல்எஸ் (100), ஜபிரு 2200 (80 சொச்சம்), கான்டினென்டல் ஓ-200 (100), லைகோமிங் ஓ-320 (150 அல்லது 160), ஓ-360 (180). இவை போக, ஃபோக்ஸ்வாகன் கார் எஞ்சினை மாற்றிப் போடும் பழைய வழக்கமும் உண்டு.

80 குதிரைத்திறன் போதும் என்று வரைபடத்தில் இருக்கிறது. 100 போட்டால் வேகம் எவ்வளவு கூடும்?

நினைப்பதைவிடக் குறைவு. மட்டமாகப் பறக்கத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறுகிறது. சக்தி 25 சதவீதம் கூடினால் வேகம் 8 சதவீதம்தான் கூடும். மணிக்கு 160 கிலோமீட்டரில் போன விமானம் 172-ல் போகும், அவ்வளவுதான்.

பலன் தெரிவது மேலே ஏறுவதில். ஏறும் வேகத்தில் மட்டமாகப் பறக்க 40 குதிரைத்திறன் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், 80-ல் மீதி 40, 100-ல் மீதி 60. ஏற்ற வீதம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும். குறுகிய ஓடுபாதை, இரண்டு கனமான ஆட்கள், வெப்பமான நாள் என்றால் இது பெரிய விஷயம். ஆனால் விமானத்தின் உச்ச வேக வரம்பு மாறாது. உள்ளே என்ன எஞ்சின் இருக்கிறது என்று இறக்கைக்குத் தெரியாது.

டூ ஸ்ட்ரோக் எடை குறைவு, விலையும் குறைவு. ஏன் பயமுறுத்துகிறார்கள்?

ரோட்டாக்ஸ் 582 போன்ற டூ ஸ்ட்ரோக்குகள் எடைக்குத் தரும் சக்தி அபாரம். ஆனால் 582-ஐச் சுமார் 300 மணி நேரத்தில் ஓவர்ஹால் (முழுக்கப் பிரித்துப் புதுப்பித்தல்) செய்ய வேண்டும், 912-க்கோ 2,000 மணி நேரம். அதைவிட, கவனக்குறைவை அது மன்னிப்பதில்லை.

பிஸ்டன் ஜாம் ஆவது இரண்டு வழிகளில் நடக்கிறது. எஞ்சின் சூடேறும் முன் முழு சக்தி கொடுத்தால், அலுமினிய பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்து பிடித்துக்கொள்ளும். மற்றொன்று, உயரத்திலிருந்து த்ராட்டிலை மூடி நெடுநேரம் இறங்குவது. ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சுற்றோ குறைவதில்லை. 50-க்கு 1 என்றால் 20 லிட்டருக்கு 400 மில்லி. கண் அளவில் ஊற்றாதீர்கள், அளவுக் குவளை வேண்டும்.

ரோட்டாக்ஸ் நிமிடத்துக்கு 5,800 சுற்று ஓடுகிறதே, சீக்கிரம் தேய்ந்துவிடாதா?

அதன் பிஸ்டன் ஓட்டம் 61 மிமீ மட்டுமே. 5,800 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 12 மீட்டர். 2,700 சுற்றில் ஓடும் ஓ-320-ல் அது 9 மீட்டர். கூடுதல்தான், ஆனால் கார் எஞ்சின்கள் அன்றாடம் பார்க்கும் வேகம்.

புரொப்பெல்லர் அந்த வேகத்தில் சுற்றுவதில்லை. 2.43-க்கு 1 கியர்பாக்ஸ் அதை 2,390-க்கு இறக்கிவிடுகிறது. 1.7 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரின் நுனி அப்போது நொடிக்கு சுமார் 212 மீட்டரில் போகும். ஒலியின் வேகம் 340. நுனி 270-ஐ நெருங்கினால் சத்தம் எகிறும், இழுவிசை குறையும்.

கார் எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

போடலாம், போட்டும் இருக்கிறார்கள். பெர்னார்ட் பீட்டன்போல் 1920-களின் இறுதியிலேயே ஃபோர்டு மாடல் ஏ எஞ்சினைத் தன் ஏர் கேம்பரில் வைத்துப் பறந்தார். காற்றால் குளிரும் பழைய ஃபோக்ஸ்வாகன் நன்றாக ஒத்துவருவதற்குக் காரணம், கியர் இல்லாமல் நேரடியாகப் புரொப்பெல்லரைச் சுற்ற முடிவதுதான்.

இன்றைய கார் எஞ்சின் 5,000 சுற்றுக்கு மேல்தான் முழு சக்தி தரும், ஆகவே வேகக்குறைப்பு கியரோ பெல்ட்டோ வேண்டும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க் ஷாஃப்டை முறுக்கி விடுகிறது. அந்த முறுக்கதிர்வு புரொப்பெல்லரின் எடையோடு ஒத்திசைந்துவிட்டால் கியர் பல்லோ ஷாஃப்டோ உடையும். காரில் அந்த எஞ்சின் பெரும்பாலும் தன் சக்தியில் கால்வாசிகூடக் கொடுப்பதில்லை. விமானத்தில் மணிக்கணக்கில் முக்கால்வாசி கேட்பீர்கள். ரேடியேட்டர், கியர், இரண்டாவது இக்னிஷன், இரண்டாவது பம்ப் எல்லாம் சேர்த்த பிறகு எடையையும் செலவையும் கூட்டிப் பாருங்கள். எஞ்சினோடு மல்லுக்கட்டுவது பிடிக்கும் என்றால் சரி. பறப்பதுதான் ஆசை என்றால் வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் எஞ்சினில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஓடிய மணிக்கணக்கைவிட, ஓடாமல் கிடந்த காலத்தைக் கேளுங்கள். லைகோமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் சும்மா கிடந்தால் அதன் மேலுள்ள ஆயில் வழிந்து, உலோகம் துருப்பிடிக்கும். அந்தத் துரு, கேம் தள்ளும் டேப்பெட்டைத் தின்னும். ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால் கேம் முகடு தெரியும். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் விலையைத் துருவோடு சேர்த்துப் பேசுங்கள்.

சூடான எஞ்சினில் 80 பி.எஸ்.ஐ. காற்று கொடுத்துக் கசிவுச் சோதனை செய்யுங்கள். சிலிண்டர்கள் 70-க்கு மேல் காட்டினால் நிம்மதி. குறைந்தால் சத்தம் எங்கே வருகிறது என்று கேளுங்கள்: சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங். ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்துக் காந்தம் வைத்துப் பாருங்கள். புரொப்பெல்லர் எப்போதாவது தரையில் இடித்ததா என்று பதிவேட்டில் தேடுங்கள். இடித்திருந்தால், பிரித்துச் சோதித்ததற்கான பதிவு இல்லாமல் வாங்க வேண்டாம். ரோட்டாக்ஸ் என்றால் ரப்பர் பாகங்கள் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

கிடைத்த எஞ்சின் 20 கிலோ கூடுதல். வாலில் ஈயம் வைத்தால் சரியாகிவிடுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானம் 450 கிலோ, எஞ்சின் எடைமையத்துக்கு 1.2 மீட்டர் முன்னால். 20 × 1.2 = 24. இதை 470-ஆல் வகுத்தால் எடைமையம் 51 மிமீ முன்னால் நகர்கிறது. அனுமதித்த வீச்சு மொத்தமே 130 மிமீ என்றால் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. வால் 4 மீட்டர் பின்னால் இருந்தால் ஈயம் 6 கிலோ. ஆக, கூடிய எடை 26 கிலோ. நீங்கள் ஏற்றக்கூடிய எரிபொருளில் அது கழியும்.

முதலில் பேட்டரியை நகர்த்துங்கள். 7 கிலோ பேட்டரியை 2 மீட்டர் பின்னால் கொண்டுபோனால் 24-ல் 14 தீர்ந்தது. ஈயத்தைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கிலும் வாலிலும் எடை ஏறிய விமானம் சுழலில் மாட்டினால் மீள்வது கடினம்.

ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் விமானிக்கும் இடையிலுள்ள தீத்தடுப்புச் சுவருக்கு) அலுமினியத் தகடு போதாதா?

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பெட்ரோல் தீ 1,000-ஐத் தாண்டும். 0.4 முதல் 0.5 மிமீ துருப்பிடிக்காத எஃகுத் தகடுதான் வழக்கம். தகடு சரியாக இருந்தும் ஓட்டைகளில் கோட்டை விடுகிறார்கள்: வயர் நுழையும் இடத்தில் சாதாரண ரப்பர் வளையம் இருந்தால் அது நொடிகளில் எரிந்து, தீக்கு ஜன்னல் திறந்துவிடும். எஃகு வளையமும் தீ தாங்கும் அடைப்புப் பசையும் போடுங்கள்.

இதே காரணத்துக்காக, நைலான் வளையம் வைத்த நட்டுகளை எஞ்சின் பக்கம் போட வேண்டாம். சுமார் 120 டிகிரிக்கு மேல் நைலான் பிடிப்பை இழக்கும். முழு உலோகப் பூட்டு நட், அல்லது துளையிட்ட போல்ட்டும் 0.8 மிமீ பூட்டுக் கம்பியும்.

எரிபொருள் போதிய அளவு வருகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கட்டி முடித்த விமானங்களில் எஞ்சின் நிற்பதற்குப் பெரும்பாலும் எஞ்சினைவிட அதற்குப் போகும் குழாய்தான் காரணமாக இருக்கிறது.

விதி எளிது. டேங்க் மேலே இருந்து தானாக இறங்கும் அமைப்பு என்றால், முழு சக்தியில் எஞ்சின் குடிப்பதைப் போல் ஒன்றரை மடங்கு வர வேண்டும். பம்ப் வைத்தது என்றால் ஒன்றேகால் மடங்கு. 912 யுஎல்எஸ் முழு சக்தியில் மணிக்கு சுமார் 27 லிட்டர் குடிக்கும். ஒன்றரை மடங்கு 40.5. அதாவது ஒரு லிட்டர் குவளை 89 விநாடிக்குள் நிரம்ப வேண்டும். பம்ப் என்றால் 107 விநாடி.

திறந்தவெளியில், தீயணைப்பான் பக்கத்தில் வைத்து, உலோகக் குவளையை விமானத்தோடு எர்த் வயரால் இணைத்துச் செய்யுங்கள். விமானத்தின் மூக்கை, அது ஏறும் மிகச் செங்குத்தான கோணத்துக்கும் சில டிகிரி மேலாகத் தூக்கி நிறுத்துங்கள். டேங்கில் சில லிட்டர் மட்டும். கார்புரேட்டரில் குழாயைக் கழற்றி, அதன் முனையை கார்புரேட்டர் உயரத்திலேயே பிடியுங்கள். தரையில் இருக்கும் குவளைக்குள் தொங்கவிட்டால் கூடுதல் உயரம் கிடைத்து, பொய்யாகப் பாஸ் ஆகும். டேங்க் மூடியை இறுக்கி மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் காற்றுத்துளை அடைத்திருப்பது தெரியாது. அந்தத் துளையில் குளவி மண்கூடு கட்டுவது அடிக்கடி நடப்பது.

கார் பெட்ரோல் ஊற்றலாமா?

எஞ்சின் ஏற்றுக்கொண்டால் ஊற்றலாம். 912 யுஎல்எஸ் 95 ஆக்டேன் கேட்கிறது, 10 சதவீத எத்தனாலைத் தாங்கும். டேங்கும் பழைய ரப்பர் ஹோஸும் தாங்குமா என்பது வேறு கேள்வி. ஃபைபர் கிளாஸ் டேங்குகளின் சில பிசின்களை எத்தனால் இளக்கிவிடும். ஒரு துண்டு மாதிரியைச் சில வாரம் அதே பெட்ரோலில் ஊறவைத்து நகத்தால் கீறிப் பாருங்கள்.

அடுத்த ஆபத்து ஆவி அடைப்பு. கார் பெட்ரோல் எளிதில் ஆவியாகும். சூடான கவுலிங்குக்குள் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் குமிழி உண்டானால் பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும். வெயிலில் நிறுத்தி எடுத்த அரை மணிக்குள்தான் இது பெரும்பாலும் வரும். எரிபொருள் பம்பை டேங்கின் அருகே, கீழே வையுங்கள், குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி எடுத்து வெப்ப உறை போடுங்கள். ரோட்டாக்ஸுக்கு டேங்குக்குத் திரும்பும் சிறு குழாயும் வேண்டும், குமிழி அதன் வழியே வெளியேறும்.

வெயில் காலத்தில் கார்புரேட்டரில் ஐஸ் கட்டுமா?

கட்டும். பெட்ரோல் ஆவியாவதும் தொண்டைக்குழாயில் காற்று விரிவதும் சேர்ந்து வெப்பத்தை 20 டிகிரிக்கு மேல் இறக்கிவிடும். வெளியே 25 டிகிரி, காற்றில் ஈரம் அதிகம், த்ராட்டில் பாதி மூடியிருக்கிறது: இதுதான் ஐஸுக்குப் பிடித்த நேரம். சுற்று மெல்லக் குறையும், பிறகு எஞ்சின் குலுங்கும். எக்ஸாஸ்டைச் சுற்றி உறை போட்டு கார்புரேட்டருக்கு வெப்பக்காற்று எடுத்துவரும் அமைப்பை விட்டுவிடாதீர்கள்.

ஏறும்போது சிலிண்டர் சூடு எகிறுகிறது. கவுலிங்கின் முன்வாயைப் பெரிதாக்கட்டுமா?

ரம்பத்தை எடுக்கும் முன் ஒரு வேலை. இருட்டில், கவுலிங் மூடிய நிலையில், கீழ்ப்பக்கம் ஒரு விளக்கை வைத்து முன்வாய் வழியாகப் பாருங்கள். வெளிச்சம் கசியும் ஒவ்வொரு இடுக்கும் காற்று ஓடிப்போகும் வழி. தகட்டு மறைப்புகளின் மூலை, ரப்பர் ஓரம் மடங்கிய இடம், சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள சந்து. இவற்றைச் சிலிக்கான் கொண்டு அடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது வெளிவாய். சூடான காற்று விரிவதால் வெளிவாய் உள்வாயைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். அதன் முன் ஓரத்தில் சிறு உதடு வைத்தால் காற்றை இழுக்கும். முன்வாயை வெட்டுவது கடைசி. லைகோமிங்கின் உச்ச வரம்பு 260 டிகிரி. ஆனால் நெடுநாள் உழைக்க 205-க்குள் வையுங்கள்.

ஸ்டார்ட்டர் அழுத்தினால் த்ராட்டில் கேபிள் சூடாகிறது. இது என்ன கூத்து?

எஞ்சினுக்கும் உடற்கூட்டுக்கும் இடையே எர்த் பட்டை இல்லை, அல்லது தளர்ந்திருக்கிறது. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, மின்சாரம் அதைக் கடக்காது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடி, த்ராட்டில் கேபிளின் எஃகுச் சுருள் வழியே ஓடுகிறது. உள்ளே பிளாஸ்டிக் உருகி கேபிள் சிக்கிக்கொள்ளும். கேபிளை மாற்றுங்கள், பார்வைக்கு நன்றாக இருந்தாலும். ஸ்டார்ட்டருக்குப் போகும் வயர் எவ்வளவு தடிமனோ, அதே தடிமனில் பின்னல் பட்டை ஒன்றை கிராங்க் கேஸிலிருந்து எடுங்கள், பெயின்ட்டைச் சுரண்டிய உலோகத்தில் முறுக்குங்கள்.

மேக்னெட்டோ சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதே, புரொப்பெல்லரைத் தொடலாம்தானே?

தொடக் கூடாது. ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோ, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கும். சுவிட்ச் செய்வது அதை எர்த் செய்து அணைப்பது மட்டுமே. அந்த வயர் அறுந்தால் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் பொறி வரும். வீட்டு விளக்குக்கு நேர் எதிர். ரோட்டாக்ஸின் மின்னணு இக்னிஷனும் இப்படியே. எஞ்சினை நிறுத்தும் முன் ஐடிலில் வைத்து ஒரு நொடி ஆஃப் செய்து பாருங்கள். அணையத் தொடங்கினால் வயர் நலம். தொடர்ந்து ஓடினால் எங்கோ அறுந்திருக்கிறது.

வேகமானி சரியாகக் காட்டுகிறதா என்று பறக்காமலே பார்க்க முடியுமா?

முடியும். இரண்டு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூபை 'ப' வடிவில் வளைத்து, பாதி அளவு சாய நீர் ஊற்றி, பலகையில் ஒட்டுங்கள். ஒரு முனையைப் பிட்டாட் குழாயில் (வேகமானிக்கு எதிர்க்காற்றின் அழுத்தத்தைத் தரும் குழாயில்) காற்றுப் புகாமல் மாட்டுங்கள். மறுமுனையை மெல்ல உயர்த்தினால் அழுத்தம் ஏறும். இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் 165 மிமீ ஆகும்போது முள் 100 நாட் (விமான வேக அலகு) என்ற இடத்தில் நிற்க வேண்டும், 60 மிமீ என்றால் 60 நாட். அப்படியே ஒரு நிமிடம் பிடியுங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிவு, பெரும்பாலும் மானியின் பின்னுள்ள இணைப்பில். வாயால் ஊதாதீர்கள், மானியின் உள் உதரவிதானம் கிழிந்துவிடும்.

மரத்தால் ஆன விமானம். ரேடியோ தூரம் போக மறுக்கிறது.

ஆன்டெனாவுக்கு அடியில் உலோகத் தளம் இல்லை. அலுமினிய விமானத்தில் அது இலவசமாகக் கிடைத்துவிடும். 59 செ.மீ. நீளமுள்ள செம்புப் பட்டைகள் நான்கை, ஆன்டெனாவின் அடியிலிருந்து நட்சத்திரம் போல உட்பக்கம் ஒட்டி, கேபிளின் வெளிப் பின்னலோடு இணையுங்கள். 127 மெகாஹெர்ட்ஸ் அலைநீளத்தின் கால்பங்கு அது. எஞ்சின் ஓடும்போது மட்டும் இரைச்சல் என்றால் இக்னிஷன் வயருக்குக் கவச உறை இருக்கிறதா என்றும் முன்பு சொன்ன எர்த் பட்டையையும் பாருங்கள்.

மரப் புரொப்பெல்லரை ஒருமுறை இறுக்கிவிட்டால் போதாதா?

மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப உப்பும், சுருங்கும். பருவம் மாறி வறட்சி வந்தால் போல்ட் தானாகத் தளரும். உராய்வால்தான் சக்தி கடக்கிறது, தளர்ந்தால் மையத்தட்டு மரத்தைக் கருக்கிவிடும். முதல் சில மணி நேரம் பறந்ததும், பிறகு பருவம் மாறும்போதும், டார்க் ரென்ச்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு. அதிகம் இறுக்கினால் மரம் நசுங்கும்.

இறுக்கியதும், தரையில் ஒரு மரத்துண்டை நுனியைத் தொடும்படி வைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு (மேக்னெட்டோ பற்றிய பதில் நினைவிருக்கட்டும்) கையால் சுற்றுங்கள். இரு நுனிகளும் ஒரே கோட்டில் போக வேண்டும். மரத்துக்கு 3 மிமீ, உலோகத்துக்கு 1.5 மிமீ வித்தியாசம் வரை சரி. தரைக்கும் நுனிக்கும் இடைவெளி, மூக்குச் சக்கர விமானத்தில் 18 செ.மீ., வால் சக்கர விமானத்தில் 23 செ.மீ.

முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஆயில் அழுத்தம், வேறெதையும் அல்ல. ரோட்டாக்ஸில் 10 விநாடிக்குள், லைகோமிங்கில் 30 விநாடிக்குள் வராவிட்டால் அணையுங்கள். ரோட்டாக்ஸின் ஆயில் தனி டேங்கில் இருப்பதால் உறிஞ்சும் குழாயில் காற்று தங்கினால் எஞ்சின் வறட்டு ஓட்டம் ஓடும். கையேடு சொல்லும் காற்று வெளியேற்றும் முறையை ஒரு படி விடாமல் செய்த பிறகே ஸ்டார்ட்.

புதிய லைகோமிங் சிலிண்டரைத் தரையில் நெடுநேரம் ஓட்டிப் 'பழக்க' முயலாதீர்கள். குறைந்த சக்தியில் ரிங் சுவரில் படியாமல் ஆயில் கருகிப் பளபளப்பாகும், பிறகு காலத்துக்கும் ஆயில் குடிக்கும். சாதா மினரல் ஆயில், முதல் பறப்பிலேயே 65 முதல் 75 சதவீத சக்தி, சிறு சிறு ஏற்றங்கள். 912-க்கு இந்தச் சடங்கு தேவையில்லை, அதன் சிலிண்டர் பூச்சு வேறு வகை.

எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஆனால் முழு த்ராட்டிலில் மட்டமாகப் பறக்கும்போது 912 வெறும் 5,000 சுற்றுதான் காட்டுகிறது. எஞ்சின் பலவீனமா?

முதலில் சுற்றுமானியைச் சந்தேகியுங்கள். ஒளியால் சுற்றை அளக்கும் கைக்கருவியால் புரொப்பெல்லரை அளந்து, 2.43-ஆல் பெருக்கிப் பாருங்கள். மானி சரி என்றால் இரண்டாவது சந்தேகம், த்ராட்டில் நெம்புகோல் முழுக்கத் திறந்தும் கார்புரேட்டரின் கை அதன் தடுப்பைத் தொடுகிறதா என்பது. இரண்டு கார்புரேட்டரிலும் பாருங்கள், ஒன்று தொட்டு ஒன்று தொடாமல் இருந்தால் குலுக்கலும் சேர்ந்து வரும்.

இரண்டும் சரி என்றால் புரொப்பெல்லரின் கோணம் அதிகம். முழு த்ராட்டிலில் 5,200-க்குக் கீழே நெடுநேரம் ஓட்டுவதை ரோட்டாக்ஸ் விரும்புவதில்லை, மேட்டில் டாப் கியரில் ஏறுவது போல எஞ்சின் திணறும். தரையில் திருத்தும் வகை என்றால் கோணத்தை அரை டிகிரி குறைத்துப் பறந்து பாருங்கள், மட்டப் பறப்பில் 5,500-ஐத் தாண்டும்வரை அரை அரை டிகிரியாகவே போங்கள். எல்லா இதழ்களுக்கும் ஒரே கோணம், ஒரே அளவுகோல், ஒரே கையால். இதழ்களுக்குள் கால் டிகிரி வித்தியாசம் இருந்தாலும் கால் பெடலில் நடுக்கமாகத் தெரியும்.